வேலியில் காயும் பெட்டிகள்

எங்கள் கடலோர ஊர் காநாவில் உப்பளக்காரர் வீட்டுப் பெண் குவே. முப்பத்தாறு வயது, துணைமின்நிலையத்தில் வேலை. என்ன வேலை என்றால், "நாளைக்கு மத்தியானம் லைன்ல எவ்வளவு கூட்டம்னு இன்னைக்கே சொல்றது" என்பாள். எங்கள் பக்கம் சூரியத் தகடும் காற்றாடியும் மலிந்துவிட்டன. அந்த மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுபோகும் லைன் மட்டும் பழசு. உச்சிவெயிலில் அது கொள்ளாது. குவே முன்கூட்டியே சொன்னால் தகடுகளில் சிலவற்றை நிறுத்திவைப்பார்கள். அவள் கணக்கு தப்பினால் லைன் ட்ரிப் ஆகி ஊரே கரண்டில்லாமல் நிற்கும்.

வெயிலையும் காற்றையும் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். இறால் குஞ்சு வளர்க்கும் எங்களை அதற்குத் தெரியாது. தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் மோட்டார்கள் ஓயாமல் ஓடி, இங்கேயே நிறைய மின்சாரத்தைத் தின்னும். விற்பதற்குக் குஞ்சு பிடிக்கும் நாளில் கடற்கரை முழுக்க மோட்டார்களை ஒன்றாக நிறுத்துவோம். அன்றைக்கு மிஞ்சும் மின்சாரமெல்லாம் லைனில் ஏறும். அதனால் குவே போன் செய்தாள்.

"பெரியம்மா, குஞ்சு எப்போ புடிக்கிறீங்க?"

"பௌர்ணமி போகட்டும், பாக்கலாம்."

மறுநாளே பிடிப்பதாக இருந்தோம். பிடிக்கும் நாளை வாயால் சொன்னால் குஞ்சு தங்காது. என் மாமியாரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். கடற்கரையில் எல்லோரும் அவளிடம் அதே பௌர்ணமியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் லைன் போனது. ஜெனரேட்டர் கிளம்புவதற்குள், பிடிக்காமல் விட்டிருந்த இரண்டாம் தொட்டிக் குஞ்சு வெளுத்து மிதந்தது. குவேவுக்கு மேலதிகாரியிடம் ஏச்சு. இன்னொரு தடவை தவறினால் வேலை இல்லை என்றாராம்.

சாயங்காலம் வந்து, செத்த குஞ்சை என்னோடு சேர்ந்து அள்ளினாள்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே, பெரியம்மா."

"சொல்லியிருந்தா முதல் தொட்டியும் போயிருக்கும்டி."

"இப்ப மட்டும் எல்லாம் பொழச்சுச்சாக்கும்."

"பாதி பொழச்சுதே."

சிரித்துவிட்டாள். பிறகு கொல்லை வேலியைப் பார்த்தாள். குஞ்சு அனுப்பும் தெர்மகோல் பெட்டிகளில் மிஞ்சியவை அங்கே கவிழ்ந்து கிடந்தன.

"இதை எப்ப கழுவினீங்க?"

"முந்தாநேத்து."

"எல்லாரும் அப்பதான் கழுவுவாங்களா?"

"பின்னே, அழுக்குப் பெட்டியிலயா குஞ்சை அனுப்புவோம்?"

அடுத்த தடவை போன் வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில் வண்டியை மெதுவாக்கி, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையையும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். நாங்கள் பிடித்த அன்று மலையடிவாரத்தில் பாதித் தகடுகளை நிறுத்திவைத்தார்கள். என் இரண்டாம் தொட்டி மோட்டார் ஒரு நொடி நிற்கவில்லை.

பிடிக்கும் நாளை இன்னும் நான் வாயால் சொல்வதில்லை. பெட்டிகளை மட்டும் கொல்லையில் போடுவதை விட்டு, ரோட்டோர வேலியில் காயவைக்கிறேன்.