அரைக் கிலோ மண்ணும் நாலு சால் கடலையும்: பேரிகையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு

நிலக்கடலை பொக்காகிப் போனதற்குக் காரணம் தேடி நான் போன ஒருநாள் பயணம் இது. சுற்றுலாத் தலம் எதுவும் இதில் வராது. ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேரிகையைத் தாண்டி ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். போன வருடம் கடலைச் செடி முழங்காலைத் தொடும் அளவுக்குச் செழித்திருந்தது. பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பொக்கு. ஓடு இருக்கிறது, உள்ளே பருப்பு இல்லை. பக்கத்து நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு எடுத்தவர் அப்போதே வந்து எங்கள் நிலத்தையும் கேட்டார். ஜல்லி கொட்டி இறுக்கிவிட்டால் அப்புறம் ஏர் இறங்காது. அப்பா அவரிடம், "இன்னும் ஒரு வெள்ளாமை பாக்கறேன். அதுவும் பொக்கா போச்சுன்னா எழுதிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான். அச்சடித்த காகிதம் எது வந்தாலும் எனக்குப் புரியும் என்று வீட்டில் நம்புகிறார்கள். நான் படித்தது இயற்பியல். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மண்ணைப் பரிசோதிக்கலாம் என்று போனில் யோசனை சொன்னது நான்தான். "அரைக் கிலோ மண்ணு, துணிப்பையில போட்டு கிருஷ்ணகிரியில குடுங்கப்பா" என்றேன். அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். அறிக்கையும் வந்தது. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. கரிமச்சத்து அதிகம், மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து அதிகம். நிலம் இவ்வளவு வளமாக இருந்தால் கடலைக்குள் ஏன் பருப்பு இல்லை?

வைகாசி கடைசியில் ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். காலை 6.40க்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் பேரிகை வண்டி. பாகலூர் வழியாகச் சுமார் 27 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாகலூர் வரைக்கும் உட்கார இடம் கிடைக்காது, அதற்குப் பிறகு ஜன்னல் ஓரமே கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்த தக்காளிக்கார அண்ணன் என் மடியில் இருந்த அறிக்கையை எட்டிப் பார்த்து, தானாகவே விசாரித்தார். கடலை பொக்கான கதையைச் சொன்னேன்.

"கல்லக்கா பொக்கா? விதைதான்மா கெட்டது. விதையை மாத்து."

"செடி நல்லா வந்துச்சுங்களே."

"அப்ப டிஏபி பத்தல. ரெண்டு மூட்டை போடு."

ஒரு நிமிடத்தில் இரண்டு காரணம். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

பேரிகையில் இறங்கி உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். மேசைமேல் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தார்.

"இது பூ புடிக்க. இது காய் புடிக்க. இது ரெண்டும் புடிக்க."

"அப்ப இந்த மூணாவது ஒண்ணு போதும்ங்களா?"

"மூணும் சேந்தாத்தான் பாப்பா வேலை செய்யும்."

எதையும் வாங்காமல் வெளியே வரக் கூச்சமாக இருந்தது. பத்து ரூபாய்க்கு வெண்டை விதைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வெண்டை நன்றாகக் காய்த்தது, அது வேறு கதை.

பேரிகையிலிருந்து சூளகிரி 15 கிலோமீட்டர், 15 ரூபாய். அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி 27 கிலோமீட்டர், 25 ரூபாய். பேருந்து நிலையத்திலிருந்து மண் பரிசோதனை நிலையத்துக்கு ஆட்டோ 60 ரூபாய். 10.50க்குப் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் வந்த மூன்று பேரை முன்னே விட்டேன். அவர்கள் அவசரப்பட்டார்கள் என்பது ஒரு காரணம். எப்படிக் கேட்பது என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம்.

அங்கே இருந்த அலுவலர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அறிக்கையைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் தப்பில்லையே மேடம்?"

"தப்பில்லைங்க. அதான் புரியல."

"மண்ணு எங்க எடுத்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அப்பா, அந்த மண்ணு எங்க எடுத்தீங்க?"

"நம்ம நெலத்துலதான் பாப்பா."

"நெலத்துல எங்க?"

"எருக்குழிக்குப் பக்கத்துல. கருகருன்னு இருக்குமே, அது. ஏன், நல்லா இல்லைன்றாங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குதாம்."

"பின்ன? கல்லு வேரெல்லாம் பொறுக்கிட்டு, சல்லடையில சலிச்சு இல்ல குடுத்தேன்! ஆபீசுக்குப் போற பொருளு, கண்டதையும் அள்ளிக் குடுக்க முடியுமா?"

அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்க அப்பா பரவால்ல மேடம். ஒருத்தர் பைக்கு மஞ்சள் குங்குமமே வெச்சு எடுத்துட்டு வந்தாரு."

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து உதிரிப்பாகங்களைச் சோதனைக்கு நானே போய் எடுப்பேன். மெஷின்காரர்கள் பளபளப்பானதாகப் பொறுக்கி நீட்டினால் வாங்க மாட்டேன். தினமும் செய்கிற வேலை. மண்ணுக்கும் அதுதான் என்பது எனக்கே தோன்றவில்லை, அப்பாவுக்கு மட்டும் எப்படித் தோன்றும்? எங்கே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

அலுவலர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். வரப்பு, மரநிழல், எருக்குழி மூன்றையும் விட்டுவிட வேண்டும். நிலத்தில் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் 'வி' வடிவத்தில் குழி வெட்டி, ஒரு சாண் ஆழம் வரை பக்கவாட்டில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ ஆகும்வரை இப்படியே. பொக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "கடலைக்காய் மண்ணுக்குள்ள இருந்து தானே சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சணும். அது இல்லைன்னா செடி செழிப்பா இருந்தாலும் காய் பொக்காகலாம். ஆகலாம்னுதான் சொல்றேன். மண்ணைக் குடுங்க, பாப்போம்" என்றார்.

வந்த வழியே திரும்பி, 3.15க்கு நிலத்தில் இருந்தேன். அப்பா மண்வெட்டியோடு நின்றிருந்தார். பதினோரு இடத்தில் மறுபேச்சில்லாமல் வெட்டினார். பன்னிரண்டாவது இடம் கிழக்கு மூலை, வெறும் சரளைக் கல்.

"இங்க வேணாம் பாப்பா. இதப் பாத்தா நம்மள இன்னா நெனப்பாங்க?"

"இதுவும் நம்ம நெலம்தானேப்பா?"

அந்த மூலையிலும் வெட்டினார். எனக்கு மறுநாள் வேலை இருந்ததால் அப்பாதான் கொண்டுபோக வேண்டும். பையின் முடிச்சை நானே இறுக்கிக் கட்டினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "சீல் வேணா வெச்சுடேன்" என்றார்.

பத்து நாளில் புது அறிக்கை வந்தது. வேறு யாருடைய நிலமோ என்று நினைக்கும்படி இருந்தது. கரிமச்சத்து குறைவு, சுண்ணாம்புச்சத்து குறைவு, கந்தகம் குறைவு. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்து கிடைக்க, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொன்னார்கள். விதைத்த நாற்பதாம் நாளுக்கு மேல், மண் ஈரமாக இருக்கும்போது போட்டு மண் அணைக்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டை முந்நூறு ரூபாய் என்று நாலு மூட்டை வாங்கினோம். ஆடியில் கடலை விதைத்தோம்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. விளைச்சல் நன்றாக வந்தால் அது ஜிப்சத்தாலா, மழையாலா? அதனால் நடுவில் நாலு சாலுக்கு, அதாவது நாலு வரிசைக்கு மட்டும் ஜிப்சம் போட வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பக்கமும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் பிடுங்கினோம். ஜிப்சம் போட்ட இடத்தில் நூறு காய் எண்ணி உடைத்தேன், பதினெட்டு பொக்கு. போன வருடம் பாதிக்கு மேல் பொக்கு என்பதற்கு இது எவ்வளவோ தேவலை. அடுத்துச் சிவப்புத் துணிக்கு நடுவில் நூறு காய். பத்தொன்பது பொக்கு. அங்கேயே இன்னொரு நூறு உடைத்தேன். பதினேழு. ஜிப்சம் போட்டதும் போடாததும் ஒன்றுதான் என்றால், மூன்று தடவை கிருஷ்ணகிரிக்கு அலைந்தது எதற்கு? வரப்பில் உட்கார்ந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சற்றுத் தள்ளி நின்று துண்டை உதறினார். திரும்பவும் உதறினார்.

"பாப்பா, அந்த நாலு சாலுக்கும் போட்டுட்டேன்."

"அப்பா!"

"நாலாவது மூட்டையில மீதி கெடந்துச்சு. சுத்தி எல்லாத்துக்கும் போட்டுட்டு, நடுவுல அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: எனக்குப் போக வர மொத்தம் 200 ரூபாய் ஆனது, பரிசோதனைக் கட்டணம் ஒரு மாதிரிக்கு 30. நேரில் கொடுக்க வேண்டுமென்றால் வேலை நாளில் போங்கள், 11 மணிக்குள் போனால் கூட்டம் குறைவு. போன தடவை என்ன பயிர், அடுத்து என்ன விதைக்கிறீர்கள் என்று எழுதிப் பையோடு வையுங்கள். எங்கள் மண்ணுக்குச் சொன்ன அளவை உங்கள் மண்ணுக்குப் போடாதீர்கள். மண் எடுக்கும்போது கூடவே இருங்கள்.

லாரிக்காரரிடம் இந்த வருடம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். ஜிப்சமா மழையா என்று என்னைக் கேட்டால் இன்னும் தெரியாது. அடுத்த ஆடியில் நாலு சால் விடத்தான் போகிறேன். இந்தத் தடவை மிச்ச மூட்டையை ஓசூருக்கு என்னோடு பஸ்ஸில் எடுத்துவந்துவிடுவதாக இருக்கிறேன்.