இன்ஸ்பெக்டர் ரத்தினத்தின் தலைமாட்டு விளக்கு

1. காலி நாற்காலி

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கால்ஷீட். எட்டரை ஆகியும் சீனு வரவில்லை. ஒன்பது பத்துக்குத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போன் வந்தது. டைரக்டர் மோகன் போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மூன்று முறை துடைத்தார்.

"சினிமால பெரிய ரோல் கெடச்சிருக்காம். இனிமே வரமாட்டாராம்."

மேக்கப்காரர் திறந்த பவுடர் டப்பாவை மெதுவாக மூடினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு கேபிள் வந்துகொண்டிருந்தது. எங்கள் தொடர் 'ஏழாம் நம்பர் ஸ்டேஷன்'. செவ்வாய்தோறும் மாலை ஏழரைக்கு ஒரு குற்றம், அதைக் கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்டர் ரத்தினம். தொண்ணூற்று நான்கு எபிசோடு ஓடியிருந்தது. தொண்ணூற்று நான்கிலும் ரத்தினம் இருந்தார். ரத்தினமாக நடித்தவர்தான் சீனு. டெலிகாஸ்டுக்குத் தயாராகக் கையில் இருந்தவை இரண்டே எபிசோடு. யூனிட்டில் முப்பத்தேழு பேர்.

நான் கன்டினியூட்டி பார்த்தவன். இன்று ஒரு ஷாட்டில் ரத்தினத்தின் மேல் பொத்தான் திறந்திருந்தால், நான்கு நாள் கழித்து எடுக்கும் அதன் தொடர்ச்சியிலும் திறந்திருக்க வேண்டும். டம்ளரில் பாதித் தண்ணீர் என்றால் பாதிதான். அதை நோட்டில் எழுதிவைத்துச் சரிபார்ப்பது என் வேலை. பி.எஸ்சி. கணிதம் படித்தவன். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. சாப்பிடும்போது இட்லியை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரின் இட்லியையும் எண்ணுவேன். இது நல்ல குணம் என்று அந்த மாதம் வரை நினைத்திருந்தேன்.

2. ஜன்னலில் பதினொரு கம்பி

ரத்தினத்தைக் கொன்றுவிடுவது என்று அன்று மதியமே முடிவாயிற்று. சுடுவது ஸ்டேஷன் வாசலில். அதற்கு முதுகைக் காட்டி ஒரு டூப் போதும். ஆனால் உடலை வீட்டுக்குக் கொண்டுவரும் காட்சி இல்லாமல் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்றார் மோகன். திருமழிசையில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டில் கூடத்தைப் போல செட் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

நான்தான் தடுத்தேன்.

கதையில் ரத்தினம் குடியிருந்தது கள்ளிக்குப்பத்தில் சரோஜாம்மாவின் வீடு. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மனைவி அவர். ஷூட்டிங் நாட்களில் வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு பின்கட்டில் இருந்துகொள்வார். முப்பத்திரண்டு எபிசோடில் அந்தக் கூடம் வந்திருந்தது. "கூடத்து ஜன்னல்ல பதினொரு கம்பி சார். தரையில சிவப்பு ஓரம். ஷெட்டுல போட்டா தெரிஞ்சிடும்" என்றேன். மோகனுக்கு வாதாட நேரமில்லை.

புதன்கிழமை எடுத்தோம். சரோஜாம்மாவும் கணவரும் மகள் வசந்தியும் முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். வசந்திக்குக் காட்டுப்பாக்கத்தில் மாப்பிள்ளை. நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. வீட்டுச் சாவி என்னிடம். "வழக்கம்போல ஷூட்டிங்" என்று சொல்லித்தான் வாங்கியிருந்தேன். என்ன காட்சி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளைத் துணி போர்த்திப் படுத்தவன் எங்கள் லைட்மேன் ஏழுமலை. சீனுவின் உயரம் அவனுக்கு இருந்தது. தலைமாட்டில் வைக்க ஆர்ட் அசிஸ்டன்ட் ஒரு சின்னக் காமாட்சி விளக்கு கொண்டுவந்தார். அதையும் நான்தான் வேண்டாம் என்றேன். நாற்பத்தொன்றாம் எபிசோடில் ரத்தினத்தின் மனைவி மங்கை ஒரு குத்துவிளக்கை ஏற்றுவாள். அது இந்த வீட்டுப் பூஜையறை விளக்கு. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்: உயரம் மூன்றடி, ஐந்து முகம், தண்டில் ஏழு வளையம், உச்சியில் கிளி. பூஜையறையைத் திறந்து விளக்கைத் தூக்கி வந்தேன். வளையத்தை எண்ணினேன். ஏழு. சரியாக இருந்தது. ஒரு முகம் மட்டும் ஏற்றினோம்.

மோகனுக்கு விளக்கு பிடித்துவிட்டது. சுடரில் தொடங்கித் தண்டு வழியாகக் கீழே இறங்கி, துணி மூடிய தலையில் முடியும்படி ஒரு குளோசப் எடுத்தார்.

ஷாட் முடிந்ததும் வழக்கப்படி கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்தோம். பிணமாகப் படுத்தவர் எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். சிரித்துவிட்டால் தோஷம் ஒட்டாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிப்பது. ஏழுமலை எழுந்து பல் தெரியச் சிரித்தான். பூசணிக்காய் உடைத்தோம். விளக்கைத் துடைத்துப் பூஜையறையில் பழைய இடத்திலேயே, கிளி கிழக்கே பார்க்க வைத்தேன். ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்று திருப்தியும் பட்டுக்கொண்டேன்.

3. நான் படிக்காத எழுத்து

எபிசோடு ஓடிய மறுநாள் காலை என் வீட்டு வாசலில் சரோஜாம்மாவின் கணவர் நின்றிருந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்றார், அவ்வளவுதான்.

சரோஜாம்மா விளக்கைக் கூடத்தில் வைத்திருந்தார். அதன் அடிப்பாகத்தைக் காட்டினார். அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: 'த. வசந்தி'.

சீர்வரிசையில் கொடுப்பதற்காக இரண்டு மாதத்துக்கு முன் மகள் பேரை வெட்டக் கொடுத்திருக்கிறார். நாற்பத்தொன்றாம் எபிசோடில் அந்த எழுத்து இல்லை. வளையத்தை எண்ணிய நான் அதைப் பார்க்கவேயில்லை. மோகனின் குளோசப்பில் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிணத்தின் தலைமாட்டில், கல்யாணப் பெண்ணின் பேர், காட்டுப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டு டிவியில்.

விளக்கின் முன்னால் குனிந்து அதை மறுபடி படித்தேன்.

"நிச்சயத்தன்னைக்கு இந்த வெளக்கதான் காட்டுனேன். இதோட வருவா எம் பொண்ணுன்னு" என்றார் சரோஜாம்மா. அழவில்லை. "காலைல ஆள் அனுப்பிட்டாங்க. கல்யாணத்தப் பத்தி யோசிக்கணுமாம். இன்னா யோசிப்பாங்க, சொல்லு சார். நீதான் படிச்சவனாச்சே."

பின்கட்டில் வசந்தி இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

அன்றே காட்டுப்பாக்கம் போனேன். ஏழுமலையையும் கூட்டிக்கொண்டேன். பிணமாகப் படுத்தவன் உயிரோடு வந்து நின்றால் நல்லது என்று தோன்றியது. வேறு யோசனை எனக்கு வரவில்லை. பஸ்ஸில் அவன், "அண்ணாத்தே, நான் பேசிக்கிறேன், நீ எண்ணிக்கினு இரு" என்றான்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். விளக்கை எடுத்தது நான், பெண் வீட்டாருக்கு எதுவும் தெரியாது, அவர்கள் ஊரிலேயே இல்லை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஏழுமலை எழுந்து நின்றான்.

"நான்தாம்மா அந்தப் பொணம். நல்லாத்தான் கீறேன். ஷாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுச் சிரிச்சுட்டேன். சிரிச்சா தோசம் கெடையாது."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ சிரிச்ச நைனா. வெளக்கு சிரிச்சுதா?"

ஏழுமலை உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ பேரின் வாயை அடைத்தவன் அவன்.

அந்த அம்மாவே தொடர்ந்தார். "பொண்ண வாணாம்னு நான் சொல்லல. அது இன்னா பண்ணும், பாவம். அந்த வெளக்கு எங்க ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது. அப்புறம் அந்த ஊட்ல நீங்க இனிமே படம் புடிக்கக்கூடாது. எம் மருமவ பொறந்த ஊடு அது. மாசாமாசம் அதுல எவன் சாவுறான்னு நான் டிவில பாத்துக்கினு இருக்க முடியாது. ஒத்துக்கிறியா?"

முப்பத்திரண்டு எபிசோடு எடுத்த வீடு. மங்கையை வைத்துக் கதையை நகர்த்துவதென்றால் எங்களுக்கு மிச்சமிருந்தது அந்தக் கூடம் ஒன்றுதான். ரத்தினம் இல்லாத நான்கு எபிசோடு பார்த்துவிட்டுத் தொடரை நிறுத்துவதா என்று சொல்கிறோம் என்று சேனலில் சொல்லியிருந்தார்கள். முப்பத்தேழு பேர். ஒத்துக்கொள்ள நான் யார்? டைரக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது.

"ஒத்துக்கிறேன்மா" என்றேன்.

4. காலி செய்த வீடு

மோகன் என்னைத் திட்டியதை எழுத முடியாது. திட்டி முடித்து, "இப்ப அந்த மங்கைய எங்கய்யா உக்கார வெப்பேன்?" என்றார்.

நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. "வாடகை வீடுதானே சார். புருஷன் செத்துட்டா காலி பண்ணித்தானே ஆகணும்" என்றேன். எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தாள். கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்தார். அதே அலுவலகத்தில் அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவர் மேஜைக்கு எதிரிலேயே உட்காரவைத்தார்களாம்.

மோகன் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

அடுத்த எபிசோடு முழுக்க மங்கை சாமான் கட்டுவதுதான். குற்றமே இல்லை. திருமழிசை ஷெட்டில், வெறும் சுவரை வைத்து எடுத்தோம். ஜன்னலைக் காட்டவில்லை. அதற்கடுத்த வாரம் மங்கை ஏழாம் நம்பர் ஸ்டேஷனுக்கே கிளார்க்காக வந்தாள். கணவரைச் சுட்டவனின் பைல் மூன்றாவது வாரம் அவள் மேஜைக்கு வந்தது.

நான்காவது எபிசோடு ஓடிய வாரம் நானூற்றுப் பதினாறு கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். ஆவடிக் குவார்ட்டர்ஸ்களிலிருந்து மட்டும் ஐம்பத்திரண்டு. பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. ரத்தினத்தை ஏன் கொன்றீர்கள் என்று திட்டியவர்களும் மங்கையை நிறுத்திவிடாதீர்கள் என்று முடித்திருந்தார்கள். சேனல் நிறுத்தவில்லை. இன்னும் எழுபத்தெட்டு எபிசோடு போனது.

கல்யாணத்துக்குப் போனேன். பத்திரிகை வந்திருந்தது, ஆனாலும் மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். சீர்வரிசையில் புது விளக்கு இருந்தது. பந்தியில் எனக்குச் சாம்பார் ஊற்றியவர் சரோஜாம்மா. ஊற்றிக்கொண்டே, பக்கத்து இலைக்காரர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"ஒரு வார்த்த கேட்டிருந்தா, பின்கட்டுல பழைய வெளக்கு ஒண்ணு கெடந்துது சார். எடுத்துக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அதிகமில்லை. பொத்தானைப் பாருங்கள், டம்ளரைப் பாருங்கள். ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் சாமான் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. அதற்குக் கேமராவுக்கு வெளியே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. என் நோட்டில் அதுவரை ஆறு கட்டம் இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் கோடு போட்டு இன்னும் இரண்டு சேர்த்தேன்: 'யாருடையது', 'கேட்டாயிற்றா'. பிறகு பழைய பக்கத்தைத் திருப்பி, அந்தப் புதன்கிழமைக்கு எதிரே விளக்கை எழுதினேன். ஏழாவது கட்டத்தில் 'வசந்தியுடையது' என்றும் எட்டாவதில் 'இல்லை' என்றும் எழுதினேன்.