கருவுக்குப் பிடிப்பு தந்த அண்ணாமலையார்

அண்ணாமலையாரை நம்பும் அடியார்களே, இந்த எழுபத்திரண்டு வயதுக்காரன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

என் மருமகள் கவிதாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. முதலில் ஏழாவது வாரம். அடுத்தது ஒன்பதாவது வாரம். பப்பாளி தின்றாள், பஸ்ஸில் அலைந்தாள் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவள் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் முறை உண்டானதும் வேங்கிக்காலில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"கருப்பை உள்சுவருல கொலாஜன் மாதிரி புரதங்கள் இருக்குங்க. நார் நாராப் பின்னி, கரு பதிய இடம் கொடுக்கும். அந்தப் பின்னல் சரியா அமையலைன்னாலும் சில பேருக்குக் கரு நிக்காதோன்னு ஆராய்ச்சி பண்றாங்க. இவங்களுக்கு அதுதான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பப்பாளியும் பஸ்ஸும் காரணம் இல்லீங்க."

"அதுக்கு மாத்திரை இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு இல்லீங்க. காத்திருக்கணும்."

அந்தக் காத்திருப்பு எனக்குச் சிறை. மாமனார் மருமகளிடம் இதையெல்லாம் கேட்க முடியுமா? மகனுக்கு பெங்களூரில் வேலை. மனைவியைக் கேட்டால், "ஆம்பளைக்கு எதுக்குங்க இந்தக் கேள்வி? பேப்பர் படிங்க" என்பாள். எனக்கு இருந்த ஒரே அடையாளம் கவிதா தினமும் காலையில் ஏற்றும் பூஜையறை விளக்கு. எங்கள் வீட்டில் உதிரம் கண்ட பெண் 'தூரம்' என்று ஒதுங்கிவிடுவாள், விளக்கேற்ற மாட்டாள். முன்பு இரண்டு முறையும் அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. தினமும் எழுந்ததும் விளக்கைப் பார்ப்பேன். வாரத்தை எண்ணுவேன்.

ஒன்பதாவது வாரம், வெள்ளிக்கிழமை. விளக்கு எரியவில்லை. அவள் அறை சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். கதவைத் தட்டவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையாகவே நிற்கும் அண்ணாமலையாரைப் பார்த்தேன். "அப்பா, அந்த நாரெல்லாம் எனக்குப் புரியலை. நீயே பிடிச்சுக்கோ" என்று அழுதேன்.

கதவு திறந்தது.

"மாமா, எண்ணெய் வாசனையே ஒத்துக்கல. மூணு தடவை வாந்தி. இன்னிக்கு நீங்க விளக்கு ஏத்துறீங்களா?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "அய்யோ மாமா, நான் தூரம் இல்ல!" என்று சிரித்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டினார்கள். இப்போது பேத்திக்கு ஐந்து மாதம். உண்ணாமுலை என்று அம்மன் பெயரையே வைத்திருக்கிறோம். இந்த முறை மட்டும் எப்படி நின்றது என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும்.

என் கவலை முழுதாகப் போகவில்லை, பேத்தி தும்மினாலும் எண்ணுகிறேன். ஆனால் எந்தப் பெண்ணைப் பற்றியும் என் காதுபட யாரும் பழி பேச இப்போது விடுவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி முடங்கிக் கிடந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பிறகு அவனைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் தெருமுனைக்கு வந்தாலே மலையாகக் கண்ணுக்குத் தெரிகிறவன்தானே.