தேதி இல்லாத அஞ்சலி

எங்கள் அண்ணியை இந்தத் தெருவில் பேனர் அக்கா என்றால்தான் தெரியும். பிறந்தநாள், கடைத் திறப்பு, கண்டனம், அஞ்சலி எதுவானாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வடிவமைப்பது அவர், மெஷினில் ஓட்டுவது நான். அண்ணன் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் கடைக்கு முதலாளி அண்ணி, தொழிலாளி நான். எனக்கு நாற்பத்திமூன்று வயதாகிறது. இன்னமும் "தம்பி, கையைக் கழுவிட்டு வந்து துணியைத் தொடு" என்று அதட்டுவார். நானும் பேசாமல் போய்க் கழுவிக்கொண்டு வருவேன்.

அரசியல்வாதிகளின் மூஞ்சிகளை அண்ணி அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. எந்த வட்டச் செயலாளருக்கு மோவாய் இரண்டு, யாருக்கு முடியைக் கொஞ்சம் கறுப்பாக்க வேண்டும், யாரை யாருக்குப் பக்கத்தில் வைத்தால் கடைக்கு வந்து சண்டை போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கண்டன பேனர் என்று வருவார்கள், மேலே தலைவர், பக்கத்தில் துணைத் தலைவர், கீழே வரிசையாகப் பதினான்கு தலைகள். யாருக்காகக் கண்டனமோ அந்த ஆளுக்கு ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இடம் மிச்சமிருக்கும். அண்ணி அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "செத்தவர் மூஞ்சி உங்க மூஞ்சியைவிடச் சின்னதா இருக்கக் கூடாதுண்ணே" என்று பதினான்கில் நான்கு பேரை அங்கேயே கழற்றிவிடுவார்.

அஞ்சலிக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. தோற்றம், மறைவு இரண்டு தேதியும் இல்லாமல் ஒரு அங்குலம்கூட அச்சாகாது. ஏன் இந்த வீம்பு என்று ஒருமுறை கேட்டேன். "தேதி கேட்கணும்னா வீட்டு ஆளுங்ககிட்டப் பேசித்தான் ஆகணும். அவங்களைக் கேட்காம நாம யாரையும் சாகடிக்கக் கூடாது" என்றார். எனக்கு அது அதிகப்படியாகத்தான் தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், கூட்டமாகப் போன பஸ்ஸில் ஒருவன் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்த வந்தான். கண்டக்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். பெண் தப்பித்துவிட்டாள், கண்டக்டருக்கு வயிற்றில் இரண்டு குத்து. பயணிகள் அவனைப் பிடித்து போலீசில் ஒப்படைத்தார்கள். பாதிப் பேர் பிடித்தார்கள், மீதிப் பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். பத்து மணிக்குள் நாடு முழுக்க அந்த வீடியோ ஓடியது.

பதினொரு மணிக்கு, குத்தியவன் எதிர்க்கட்சி ஆள் என்று ஆளுங்கட்சி ஒரு கூட்டத்தின் போட்டோவைக் காட்டியது. பதினொன்றேகாலுக்கு, அவன் ஆளுங்கட்சி ஆள்தான் என்று எதிர்க்கட்சி வேறொரு கூட்டத்தின் போட்டோவைக் காட்டியது. இரண்டு போட்டோவும் எங்கள் கடையில் பேனராகப் போனவை. இரண்டிலுமே அவன் இல்லை என்று அண்ணி தலையிலடித்துக்கொண்டார். எதிர்த்த டீக்கடையிலோ ஆளாளுக்குத் துப்பறிந்தார்கள். தன் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற மனிதர், போலீஸ் எங்கே கோட்டை விட்டது என்று அரைமணி நேரம் விளக்கினார்.

பன்னிரண்டு மணிக்கு டிவியில் சிவப்புப் பட்டை ஓடியது. சிகிச்சை பலனின்றி கண்டக்டர் உயிரிழந்தார் என்றது.

அடுத்த கால்மணி நேரத்தில் கடை வாசலில் இரண்டு கார்கள். முதலில் ஆளுங்கட்சியின் பகுதிச் செயலாளர். அவர் கேட்டது கண்டக்டருக்கு வீரவணக்க பேனர், எட்டுக்குப் பன்னிரண்டு அடி. கூடவே, உடனடி விசாரணைக்கு உத்தரவிட்ட தலைவருக்கு நன்றி என்று ஒரு வரி. அடுத்து எதிர்க்கட்சிக்காரர், வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர், அதனால் பெயரே கண்ணாடி. அவர் கேட்டது கண்ணீர் அஞ்சலி, பத்துக்குப் பன்னிரண்டு. கூடவே, சட்டம் ஒழுங்கு எங்கே என்று ஒரு வரி. ஐந்து மணிக்கு இரண்டு தலைவர்களும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களாம். அதற்குள் வாசலில் கட்டியாக வேண்டும்.

"தேதி?" என்றார் அண்ணி.

இரண்டு பேரும் ஒரே குரலில் "அதையெல்லாம் நீயே பார்த்துப் போட்டுக்கம்மா" என்றார்கள். அரசியலில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். "டிவியிலயே சொல்லிட்டான் அண்ணி, இன்னிக்குத் தேதியைப் போட்டு ஓட்டிடலாம்" என்று துணியை மெஷினில் மாட்டப்போனேன். அண்ணி பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன்.

போன மாதம்தான் கண்டக்டர் லைசென்ஸைப் புதுப்பிக்க எங்களிடம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்திருந்தார். ஆர்டர் நோட்டில் அவர் மனைவியின் போன் நம்பர் இருந்தது. அண்ணி எண்ணை அழுத்தினார். எடுத்த எடுப்பில் மறைவுத் தேதியை யாரிடமும் கேட்க முடியாது. முதலில் நலம் விசாரித்து, அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருவதுதான் அவர் வழக்கம்.

"நான் பேனர் கடையிலேர்ந்து பேசறேம்மா. அண்ணன் எப்படி இருக்கார்?"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்று மெல்லிய குரல் வந்தது. செருப்புச் சத்தம் கேட்டது, கதவு தட்டுகிற சத்தம் கேட்டது, யாரோ அதட்டினார்கள். அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

"அக்கா, கண்ணு முழிச்சுட்டாருக்கா. தண்ணி கேக்கறார். டிக்கெட் மெஷின் பத்திரமா இருக்கான்னு கேக்கறார்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  நான் ஓட்டியிருந்தால் கண்டக்டரின் மனைவி வார்டிலிருந்து கீழே இறங்கி வரும்போது, புருஷன் செத்துப்போனதைப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு வாசலில் பார்த்திருப்பார். 

செயலாளரிடம் சொன்னபோது அவர் மகிழ்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை.

"தலைவர் இரங்கல் அறிக்கையே விட்டுட்டாரேம்மா. இப்போ போய் உயிரோட இருந்தா எப்படி?"

"அதை அவர்கிட்டயே கேளுங்கண்ணே, முழிச்சுட்டுத்தான் இருக்கார்."

"சாயங்காலத்துக்குள்ள எப்படி மாறும்னு யார் கண்டா? அடிச்சு வை, தேவைப்பட்டா கட்டுவோம்."

அண்ணிக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் மட்டும் தேன் மாதிரி வந்தது. "அடிச்சுடலாம்ணே. ஆனா கண்ணாடி அண்ணன் மட்டும் 'விரைவில் நலம் பெறுக'ன்னு கட்டி, நீங்க மட்டும் உயிரோட இருக்கிறவருக்கு வீரவணக்கம் வச்சா, எல்லா டிவியும் உங்க பேனரைத்தானே காட்டும்?"

செயலாளர் அந்த வினாடியே மாறினார். "நலம் பெறுக அடி. அவனுக்கு முன்னாடி அடி" என்றார். கண்ணாடியிடமும் இதே பேச்சு, பெயரை மட்டும் மாற்றி. அவரும் அதேதான் சொன்னார். கூடுதலாக இரண்டடி கேட்டார், அவ்வளவுதான்.

இதோடு முடிந்தது என்று மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு டீக்கடைக்காரர் வந்து, ஆஸ்பத்திரி எதிர்ச் சுவரில் ஏதோ சங்கத்துக்காரர்கள் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதாகச் சொன்னார். வேறு கடையில் அடித்தது. அண்ணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. வண்டியை எடுத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

ஒன்பது போஸ்டர், பசை இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணி முதல் போஸ்டரின் ஓரத்தில் நகத்தை விட்டுக் கிழித்தார். ஏணிமேல் நின்ற ஆள் கத்தினார்.

"எம்மா, எந்தக் கட்சி நீ? யாரைக் கேட்டுக் கிழிக்கற?"

"அவர் உயிரோட இருக்கார். மூணாவது மாடி. வேணும்னா போய்ப் பார்த்துட்டு வந்து ஒட்டு."

அந்த ஆள் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, பக்கெட் தண்ணீரைச் சுவரில் ஊற்றி, எங்களைவிட வேகமாகச் சுரண்டினார். "எங்க ஆளுங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். ஒன்பதாவது போஸ்டர் கையோடு வந்தபோது கண்டக்டரின் மனைவி பிளாஸ்க்கோடு படியிறங்கி வந்தார். முழங்கை வரை பசையோடு நின்ற எங்களைப் பார்த்து விழித்தார்.

"இங்க என்னக்கா பண்றீங்க?"

"சுவர் அசிங்கமா இருந்துச்சும்மா" என்றார் அண்ணி.

ஐந்து மணிக்குத் தலைவர்கள் வந்தார்கள், நலம் விசாரித்தார்கள், டிவியில் சிரித்தார்கள். செயலாளர் வாங்கி வந்த மலர்வளையம் கார் டிக்கியிலேயே வாடிப்போனது. இரண்டு தலைவர்களின் இரங்கல் அறிக்கைகளும் வந்த சுவடு தெரியாமல் காணாமல் போயின. டீக்கடையில் மட்டும், அவர் பிழைப்பார் என்று எனக்கு அப்பவே தெரியும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள்.

ஏழு வாரம் கழித்து கண்டக்டர் தன் மனைவியோடு கடைக்கு நடந்தே வந்தார். மெலிந்திருந்தார், வாய் மட்டும் மெலியவில்லை. மனைவி அவரிடம், "அன்னிக்கு முதல்ல போன் பண்ணி நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டது இந்த அக்காதான்" என்று அறிமுகப்படுத்தினார். அண்ணியின் முகம் தொங்கிவிட்டது. ஏழு வாரமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"உண்மையைச் சொல்லிடறேம்மா. நான் நலம் விசாரிக்கக் கூப்பிடல. அஞ்சலி பேனருக்கு இவரோட மறைவுத் தேதி கேக்கத்தான் கூப்பிட்டேன்."

கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் போட்ட இடம் இழுக்குது" என்றார். மனைவி சிரிக்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வெயிட்டிங் ஹால்ல டிவி இருந்துச்சுக்கா. இவர் போயிட்டார்னு நானும் அதுலதான் பார்த்தேன். டாக்டருங்க எனக்குச் சொல்ல பயந்துகிட்டு டிவிக்காரங்களுக்குச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். உள்ள போய்க் கேக்க தைரியம் இல்லாம சுவரோரமா உக்கார்ந்துட்டேன். அப்பதான் உங்க போன். எப்படி இருக்கார்னு கேட்டீங்க. இறந்துட்டார்னு என் வாயால சொல்ல முடியலக்கா. அதனாலதான் எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்."

அண்ணியின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தண்ணி வேணும்னு எவ்வளவு நேரமா கேட்டுட்டிருந்தாரோ, தெரியல."

கண்டக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அதுவரை அவரிடமும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.  உள்ளே போய்க் கண்டக்டருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.