விளக்கேற்றிய பிறகு போட்டோ இல்லை

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் செல்போனைத் தூக்கிப் பிடித்ததும் பாட்டு நின்றுவிட்டது.

"விளக்கு ஏத்தியாச்சு சார். இனிமே போட்டோ வேணாங்க" என்றார் ரேச்சல் சிஸ்டர்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கோயில், சர்ச், பூப்பந்து கிளப் என்று நிதி கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பதுதான் என் சீட். இப்போது அதே ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். சிஸ்டர் நர்ஸாக இருந்தவர், கொங்கணப் பக்கத்து யூதக் குடும்பம். மைன்ஸில் வேலை பார்த்த கணவர் போன வருடம் தவறிவிட்டார்.

"கடலூர், பாண்டிச்சேரில எங்க ஆளுங்க நாலு குடும்பம் இருக்குங்க. மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வரவழைச்சு, ஒண்ணா சாப்பிட்டுப் பாடணும். வண்டிக்கும் சமையலுக்கும் யாராவது குடுத்தா நடக்கும். அவரு போனப்புறம் ஓய்வுநாள் பாட்டை நான் ஒருத்தியேதான் பாடிக்கினு இருக்கேன்" என்றார்.

மும்பையில் யூதர்களே நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு எழுதினோம். ஃபாரத்தில் 'நிகழ்ச்சி நடந்ததற்கு ஆதாரம்' என்றொரு கட்டம். எனக்குக் கை துறுதுறுத்தது. 'தேதி, நேரம் பதிந்த போட்டோக்கள், நிகழ்ச்சியின்போதே எடுக்கப்படும்' என்று நிரப்பினேன். சிஸ்டரைக் கேட்கவே இல்லை. முதல் மாதத்துக்கு மட்டும் நிதி வந்தது. மீதி, அறிக்கையைப் பார்த்த பிறகுதான்.

வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள்; எழுதமாட்டார்கள், போனைத் தொடமாட்டார்கள், போட்டோவுக்கும் நிற்கமாட்டார்கள். எனக்கு அது அந்த முதல் கூட்டத்தன்றுதான் தெரிந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையச் சிம்னிப் புகை மெல்லச் சிவந்து, கரைந்து போனது. எண்ணெய் விளக்குகள் அசையாமல் நின்றன. பாட்டு மறுபடி ஆரம்பித்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் கிளார்க் புத்தி விழித்துக்கொண்டது. "விளக்கை இன்னொரு தடவை ஏத்துங்க சிஸ்டர். போன்ல தேதியை மாத்தி எடுத்துடலாம்."

அவர் கோபப்படவில்லை. "நடிச்சு வாங்கின காசுல எப்படிங்க பாடறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி அறக்கட்டளைக்கு எழுதினேன்: தெரியாமல் வாக்குக் கொடுத்தது நான், போட்டோ கிடையாது, பதினோரு பேர் வந்தார்கள், பாடினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். இனி நிதி வராது என்றுதான் நினைத்தேன். சிஸ்டர் கனவைக் கெடுத்தவன் ஆனேனே என்று இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் சின்னதாக வந்தது. 'ஓய்வுநாளில் எப்படிப் போட்டோ எடுக்கப்போகிறீர்கள் என்று பார்க்கத்தான் காத்திருந்தோம். அனுப்பியிருந்தால் நிறுத்தியிருப்போம். தொடருங்கள்.'

மனு எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மனு யாருக்காகவோ அவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதுவதற்கு முன், எதைச் செய்யமாட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் போயிருந்தேன். பாட்டு முடிந்து எல்லோரும் சாப்பிட எழுந்த பிறகும் சிஸ்டர் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க சார். இன்னிக்கு நான் பாடவே இல்ல. அவங்க பாடறத கேட்டுக்கினு இருந்தேன்."