வலது கண்ணில் ஒரு டீ கப்

குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கண்ணில் கட்டு இருக்கும்போதே வந்தவர்கள் எல்லோரும் முதலில் குரங்கைத்தான் விசாரித்தார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரங்கு நலம். உண்டிவில்லால் அடித்தவன் நான், அடி வாங்கியவனும் நான். நடுவில் மாட்டிக்கொண்டது என்னுடைய வலது கண்.

எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மலைமேல் சோளக்காடு என்கிற ஊருக்குக் கொஞ்சம் மேலே வீடு. சுற்றிலும் மிளகுக் கொடி, ஒரு துண்டு மரவள்ளி, வாசலை ஒட்டி ஒரு பெரிய பலா. ஆனால் எனக்குச் சோறு போடுவது பிக்கப் வண்டி. சந்தையில் பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறி வருகிற பஸ்ஸின் மூக்கைப் பார்க்க ஒரு கண், பள்ளத்தைப் பார்க்க ஒரு கண் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் என் பிழைப்பு அத்தோடு சரி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அன்று காலையில் அந்த உண்டிவில்லை ஆணியிலிருந்து எடுத்தேன்.

கொய்யா மரக் கவட்டை, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிய ரப்பர், மண் உருண்டை வைக்கப் பிய்ந்த செருப்பின் தோல். பலா பழுக்கும் மாதத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் வெளிச்சுவரில் வெயிலும் மழையும் தின்று தொங்கும். கவட்டையின் ஒரு காதில் கட்டியிருந்த இடத்தில், ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. பார்த்தேன். வண்டி டயரில் ஒரு கீறல் தெரிந்தால் அன்றைக்கே ஸ்டெப்னி மாற்றுகிறவன் நான். இதற்கு என்ன செய்தேன் என்றால், சாக்குத் தைக்கும் நூலை நாலு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். இன்னிக்கு ஒரு நாள் தாங்கும் என்று ரப்பரிடம் கேட்காமல் நானே முடிவும் செய்தேன்.

மரத்தில் ஏழெட்டுக் குரங்கு. அதில் ஒரு கிழட்டுக் கடுவன் சுளையைச் சப்பிச் சப்பிக் கொட்டையை என் வண்டியின் மேல் துப்பிக்கொண்டிருந்தது. குரங்கின் மேல் அடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அனுமாருக்கு யார் பதில் சொல்வது? பக்கத்துக் கிளையில் ஒரு ஈரக் களிமண் உருண்டை பட்டால் போதும், ஓடிவிடும். உருண்டையைத் தோலில் வைத்துக் கன்ன எலும்பு வரைக்கும் இழுத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். உருண்டை காலடியில் விழுந்தது. ரப்பர் மட்டும் அறுந்து, முடிச்சும் தானுமாக, என் முகத்துக்குத் திரும்பி வந்தது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஈரம். கன்னத்தில் சூடாக ஏதோ வழிந்தது. அது கண்ணீர் என்று நினைக்கும் நிதானம் எனக்கு இல்லை. கண்ணே உடைந்து வழிகிறது என்று முடிவு செய்து, ஒரு கையால் கண்ணைப் பொத்தி, இன்னொரு கையைக் கன்னத்துக்குக் கீழே பிரசாதம் வாங்குகிறவனைப் போல ஏந்திக்கொண்டு கத்தினேன்.

“கண்ணு போச்சு! கண்ணு போச்சு!”

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி ஓடிவந்தாள். “எங்க போச்சுங்க? கைய எடுங்க, பாக்கலாம்.”

“கைய எடுத்தா கீழ உழுந்துரும்!”

“அப்படியெல்லாம் உழுகாதுங்க. உழுந்தா நான் புடிச்சுக்கறேன், எடுங்க.”

எடுத்தேன். ஒன்றும் விழவில்லை. அவள் முகம் மட்டும் கொஞ்சம் விழுந்தது. ரெப்பை அதற்குள் நாவல்பழமாக வீங்கிக் கண்ணை முழுவதுமாக மூடியிருந்தது. செல்போனில் என் முகத்தை நானே பார்த்து, ரெப்பையை விரலால் பிளந்து திறக்கப் போனேன். கையில் ஒரு அடி வைத்தாள். “தொடாதீங்க. பச்சைப் புள்ளயாட்டம் நோண்டாதீங்க.” பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், கண்ணில் விடத் தாய்ப்பால் ரெண்டு சொட்டு வாங்கி வரட்டுமா என்றாள். இந்த முகத்தோடு அந்த உதவியை எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மனைவியின் தம்பிக்குப் போன் போட்டோம். எனக்கு மாப்பிள்ளை முறை. வாசலூர்பட்டியில் இருக்கிறான், படகுத் துறைக்கு வருகிறவர்களுக்கு மிளகாய் பஜ்ஜி போடுகிறவன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு பைக்கில் பறந்து வந்து, என் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். பிடித்ததும் கேட்டான்: “மாமா, கொரங்கு தப்பிச்சுதுங்களா?”

செம்மேட்டு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கண்ணைப் பார்த்தார், தொடவே இல்லை. காகித டீ கப் ஒன்றை எடுத்து, விளிம்பைக் கத்திரித்து, கண்ணுக்கு மேல் குடையாகக் கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டினார். “எதுவும் இதை அமுக்கக் கூடாதுங்க. தேய்க்கக் கூடாது, மூக்குகூடச் சிந்தக் கூடாது. நேரா நாமக்கல் கண் ஆஸ்பத்திரி போயிருங்க.”

இறங்கினோம். இருபத்தைந்து வருஷமாக நான் ஓட்டிய சாலையில் முதல்முறையாகப் பக்கத்து சீட்டில் நான், கண்ணில் டீ கப்போடு. ஒற்றைக் கண்ணுக்குப் பள்ளம் எவ்வளவு தூரம் என்றே தெரியவில்லை. எல்லாப் பள்ளமும் டயருக்கு அடியிலேயே இருந்தது. “ஆரன் அடி, ஆரன் அடி. கியர் மாத்து. லாரி வருது பாரு!” என்றேன்.

“மாமா, அது லாரி இல்லீங்க, பாறை.”

பாறையையும் லாரியையும் பிரிக்க முடியாதவன் வண்டியை விற்றுவிட்டு வேறு என்ன செய்வது என்று, முப்பதாவது வளைவுக்குள் நாலு தொழில் யோசித்து நாலிலும் தோற்றுவிட்டேன். பஜ்ஜிக் கடையும் அதில் ஒன்று. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். கப்பை எடுத்தார், ரெப்பையை மெல்ல விலக்கினார், விளக்கை அடித்தார். வெளிச்சம் தெரிந்தது! தெரிகிறது என்று நான் துள்ள, ஆடாதீங்க என்று தாடையைப் பிடித்து மிஷினில் வைத்தார். ஏதாவது ஊற்றினோமா என்று கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டிவிட்டு, அடுத்ததைக் கேட்டார்.

“அடி படறப்ப கண்ணு தொறந்திருந்துதுங்களா, மூடியிருந்துதுங்களா?”

எனக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றான். இடது கண்ணை மூடி வலது கண்ணைப் பருந்து மாதிரி விரித்துக் குறி பார்ப்பேன் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் அடித்துவிட்ட பெருமையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்.

“தொறந்துதாங்க இருந்துது” என்றேன்.

“ரெப்பை மேல ரப்பர் தடம் குறுக்கால ஓடுதே, அது எப்படிங்க? நெசத்தைச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் உள்ள நான் என்ன தேடறதுன்னு இருக்கு.”

“ஒரு கண்ணு மூடியிருந்துச்சுங்க.”

“எந்தக் கண்ணு?”

பார்வை பெரிதா, பெருமை பெரிதா என்று ஒரு நொடி நான் யோசித்தது உண்மை. வெட்கக்கேடு, ஆனால் யோசித்தேன்.

“ரெண்டும்ங்க.”

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இழுக்கும்போது பருந்து. விடுகிற நொடியில் கண் இரண்டும் தானாக இறுக மூடிக்கொள்ளும். ரப்பர் சத்தம் என்றால் எனக்கு உள்ளுக்குள் பயம். என் உருண்டை எங்கே போய் விழுகிறது என்று வாழ்நாளில் நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்தால் குரங்கு ஓடிக்கொண்டிருக்கும். பட்டுவிட்டது என்று மீசையைத் தடவிக்கொள்வேன்.

“மாமா! அப்ப இத்தனை வருசமா...”

“வாய மூடு மாப்ளை.”

“நான் வாய மூடிக்கறேனுங்க. கண்ண மூடறதுக்குத்தான் நீங்க இருக்கறீங்களே.”

“சிரிக்காதீங்க” என்றார் டாக்டரம்மா, அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு. “அந்தப் பயந்தான் இவரைக் காப்பாத்தியிருக்குது. தொறந்திருந்தா அந்த முடிச்சு நேரா கருவிழியில பட்டிருக்கும். இப்பவும் உள்ள கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்குது. அஞ்சு நாள் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, கத்தக் கூடாது. தலையை ஒசத்தி வச்சுப் படுத்தே இருக்கணும். வண்டியைத் தொடவே கூடாது. மறுபடி கசிஞ்சா பார்வைக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாதுங்க.”

கப்பைத் திரும்பக் கண்ணில் ஒட்டிவிட்டு, கீழேயே தங்கச் சொன்னார். பலா பழுத்துக் கிடக்கிறது என்று நான் கெஞ்ச, ஆட்டாமல் கொண்டுபோங்க என்று விட்டார். மாப்பிள்ளை ஆட்டாமல் கொண்டுபோனதில் எங்களுக்குப் பின்னால் ஒரு திருவிழாவுக்கு வேண்டிய கார்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் முந்திப் போகையில் திரும்பி முறைத்து, டீ கப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு போனார்.

ஐந்து நாள். சும்மா இருப்பது என்பது எனக்குத் தெரியாத தொழில். மூன்று தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தேன். ஜன்னலுக்கு வெளியே பலா. பலாவில் குரங்கு. என் நிலைமை அவற்றுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கடுவன் வண்டியின் பானெட்டில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பி, சுளை தின்றது. கத்தக் கூடாது. எழுந்து ஓடக் கூடாது. மெல்லிய குரலில், “ஏனுங்க அனுமாரே, போங்களேன்” என்றேன். பல்லைக் காட்டியது.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நல்ல கண்ணைப் பொத்தி, கப்பின் இடுக்கு வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். மனைவி சொட்டுமருந்து விட வரும்போதும், சும்மா வரும்போதும் கேட்பேன்: “செவப்பு கூடிருச்சா, கொறஞ்சிருச்சா?” “அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதாங்க. நீங்க கேட்டு அஞ்சு நிமிசம்தான் ஆச்சு.” தும்மல் வந்தால் அடக்குவேன். அடக்கியது கண்ணுக்குள் இடித்திருக்குமோ என்று அடுத்த ஒரு மணி நேரம் பயப்படுவேன்.

மூன்றாம் நாள் உச்சம். சுவரில் மாட்டிய தேதிக் காலண்டரை எடுத்து வரச் சொல்லி, நல்ல கண்ணால் படித்துப் பார்த்தேன். தேதி தெரிந்தது. கீழே பொடி எழுத்தில் ராசிபலன். அது எறும்பு ஊர்வது போல் இருந்தது. நல்ல கண்ணில்! அடி பட்டது வலது, இப்போது இடதும் போகிறது, உள்ளே நரம்பு வழியாகப் பரவுகிறது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, கத்தக் கூடாது என்பதால் கிசுகிசுவென்று சொன்னேன்: “ரெண்டாவதும் போகுது.”

“எதுங்க மாமா, பலாவா?”

ஐந்தாம் நாள் மறுபடி எழுபது வளைவு. டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. ரத்தம் வற்றிவிட்டது, பார்வை நிற்கிறது என்றார். கண் பாப்பா மட்டும் கொஞ்சம் விரிந்திருக்கிறது, வெயிலில் கூசும், வருஷம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து வண்டி எடுக்கலாம். எனக்கு இருந்த நிம்மதியில் இடது கண்ணின் சாவுச் செய்தியையும் சொல்லிவிட்டேன். எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். தள்ளிப் பிடித்தேன். தெரிந்தது.

“இது வெள்ளெழுத்துங்க. அடி பட்டதுனால இல்லை, வயசு ஆனதுனால.”

பின்னால் மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். உண்டிவில்லைத் தொடுவதாக இருந்தால் கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. கூலிங் கிளாஸ் உதவாது, உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும். புல் வெட்டும் மெஷின்காரர்கள் போடுவார்களே, பக்கவாட்டையும் மூடுகிற கெட்டிப் பிளாஸ்டிக், அது வேண்டும். செம்மேட்டில் மெஷின் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். புது ரப்பரும் வாங்கினேன். முடிச்சுப் போட்ட பழையதை மனைவி அடுப்பில் போட்டாள். வீடு முழுக்க நாறியது. அவளுக்குப் பரம திருப்தி.

கொஞ்ச நாள் கழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலா மரத்தடியில் நின்றேன். வேடிக்கை பார்க்க மாப்பிள்ளை வந்திருந்தான். முகத்துக்கு முன்னால் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் இருந்ததால், வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விட்டேன். பார்த்தேன். நான் கையைத் தூக்கிய உடனேயே குரங்குகள் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டன, உருண்டை இன்னும் தோலிலேயே இருக்கிறது. பிறகு அது புறப்பட்டு, கிளைக்கு ரொம்ப தூரம் தள்ளி, எங்கள் கூரை மேல் இருக்கும் நீலத் தண்ணீர்த் தொட்டியில் போய்ப் ‘பொத்’தென்று ஒட்டியது.

தொட்டி முழுக்கப் பொட்டுப் பொட்டாய் மண். அத்தனை வருஷமாக அந்தப் பொட்டுகளுக்கு நான் வௌவாலைத் திட்டியிருக்கிறேன்.

“கையத் தூக்குனாலே ஓடுது மாமா” என்றான் அவன். “அப்பறம் எதுக்கு உருண்டை?”

இப்போது உருண்டை இல்லாமல் வெறும் கவட்டையைத்தான் தூக்குகிறேன். கடுவன் மட்டும் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டது, உட்கார்ந்து பார்க்கிறது. அதற்காக ஒன்றிரண்டு உருண்டை. கண்ணாடி, கவட்டை மாட்டிய அதே ஆணியில், கவட்டைக்கு முன்னால் தொங்குகிறது. ஆணி வீட்டுக்குள் வந்துவிட்டது. வெறும் கையைத் தூக்கினால்கூட உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுக்கிறாள்: “கண்ணாடி போட்டீங்களா?”

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் சண்டை. தொட்டியைக் கழுவ வேண்டும் என்கிறாள், நான் விடுவதில்லை. தினமும் காலையில் வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன்னால் வாசலில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொள்கிறேன். வலது கண்ணால் தொட்டியின் பொட்டுகளை மேலிருந்து கீழே எண்ணுகிறேன். எல்லாம் வந்துவிட்டால்தான் வண்டியைக் கிளப்புவேன். ஒரு நாள் ஒன்று குறைந்தது. மழை கழுவியிருந்தது என்று தெரிவதற்குள் நாலு முறை எண்ணி, ஒருமுறை கத்தியும்விட்டேன்.