ஏழு கிலோ எண்ணூறு கிராம்: காஹாங் காட்டுப்பாதைக்கு அப்பால் ஒரு சனிக்கிழமை

இந்த வலைப்பூவில் இதுவரை கடற்கரை, நீர்வீழ்ச்சி, சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஊரும் வேறு, போன காரணமும் வேறு. மாசாயில் எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவர் தெரசா மிஸ்ஸி. தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வகுடி கிராமங்களுக்கு மாதம் ஒருமுறை மருந்தும் குழந்தைகளுக்குச் சத்துணவும் கொண்டுபோகும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றில் இப்போது உழைக்கிறார். "பேரு எழுத ஆள் பத்தல கௌரி. சனிக்கிழமை சும்மாதானே இருக்கீங்க, வாங்களேன்" என்றார். போன பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை கிளம்பினேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவேன். பதினாறு வருடமாக அதேதான்.

காலை ஐந்தரைக்கு நான்கு சக்கர வண்டி வந்தது. ஓட்டுநர் சிவா அண்ணன், முன்பு பாசிர் கூடாங் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டியவர். பின்னால் அரிசி, சீனி, பால்மாவு, நெத்திலி, மருந்துப் பெட்டிகள். குளுவாங் வரை சுமார் 110 கிலோமீட்டர், ஏழேகாலுக்குச் சேர்ந்தோம். இரண்டு ரொட்டி சானாய், ஒரு காப்பி, ஐந்து ரிங்கிட் நாற்பது சென். (குளுவாங்கில் காப்பி குடிக்காமல் போகிறவர்களை நான் நம்புவதில்லை.) அங்கிருந்து காஹாங் முப்பது கிலோமீட்டர். கடைசி பெட்ரோல் நிலையமும் கடைசிக் கழிப்பறையும் அங்கேதான். டோலுக்கும் பெட்ரோலுக்கும் என் பங்கு முப்பது ரிங்கிட்.

காஹாங்கைத் தாண்டி 42 கிலோமீட்டர்தான் பாக்கி. ஆனால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதல் பாதி செம்பனைத் தோட்டத்துச் சாலை, அப்புறம் செம்மண் பாதை. நடுவில் பாலமில்லாத ஓடை ஒன்று. வண்டியை மெதுவாக இறக்கியபடி சிவா அண்ணன் சொன்னார்: "மூணு மாசத்துக்கு முன்னாடி திரும்பி வரும்போது இதே இடத்துலதான் மாட்டிக்கிட்டோம். சாமான் பெட்டி தண்ணில விழுந்திருச்சு. அலமாக், அன்னிக்குப் பட்ட பாடு!"

பத்து இருபதுக்குக் கிராமம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்; எழுதவில்லை. ஆற்றங்கரையில் முப்பது வீடுகள் இருக்கும். பொது மண்டபத்து உத்தரத்தில் மிஸ்ஸி தராசைக் கட்டித் தொங்கவிட்டார். வட்ட முகப்பு, ஒரு முள், கீழே கொக்கி. கொக்கியில் சாரோங் துணியைத் தொட்டில் போல மாட்டி, குழந்தையை உள்ளே வைத்து நிறுப்பார்கள்.

கூட்டத்தில் கலகலப்பே இல்லை. காரணம் சீக்கிரம் புரிந்தது. மூன்று மாதமாக அந்தக் கிராமத்துக் குழந்தைகள் யாருக்கும் எடை ஏறவில்லை. சத்துணவு போகிறது, பலன் தெரியவில்லை. கொடுப்பதை வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட்டுவிடுகிறார்களோ என்று அமைப்பில் சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்த ஊருக்குக் கொடுப்பதை நிறுத்தலாமா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தது.

ஐந்தாவதாக வந்தவர் லீனா. இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் பதினாலு மாதப் பெண் குழந்தை டானியா. முள் ஆறு புள்ளி ஒன்பதில் நின்றது. மூன்று மாதத்துக்கு முன் ஆறு புள்ளி எட்டு. மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு, இன்றைக்கே குழந்தையைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று மலாயில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பாவுக்குக் கொடுக்குறத பாப்பாதான் சாப்பிடுதா?" என்று கேட்டார்.

லீனாவின் முகம் சிவந்துவிட்டது. "மூணு வேளையும் என் கையால ஊட்டுறேன். இவள தினமும் தூக்குறவ நான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவள ஒரு கையில வச்சுக்கிட்டு விறகு எடுப்பேன். இப்ப முடியல. இவ வளந்திருக்கா மிஸ்ஸி" என்றார். அவரும் மலாயில்தான் பேசினார். எனக்குக் கேட்டபடி தமிழில் எழுதுகிறேன். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். கணவர் காட்டுக்குள் பிரம்பு வெட்டப் போயிருந்தார். சொல்லிவிட்டு அழவில்லை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பேரும் எடையும் எழுதிக்கொண்டிருந்த பேரேட்டைப் பின்னோக்கித் திருப்பினேன். பதினொரு குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் எடை ஏறுவது நின்றிருந்தது. ஒரு பிள்ளைக்கு நிற்கலாம், இரண்டு பிள்ளைக்கு நிற்கலாம். பதினொன்றுக்கும் சேர்ந்தா?

"மிஸ்ஸி, அண்ணன் சொன்ன அந்தப் பெட்டியில தராசும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. காய வச்சோம்லா. முள்ளு பூஜ்யத்துலதானே நிக்குது, பாருங்க."

பூஜ்யத்தில் நிற்கிற தராசு ஐந்து கிலோவிலும் சரியாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. என் தொழிலில் முதல் வாரமே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுவரச் சொல்லி அதே துணியில் தொங்கவிட்டேன். முள் நாலு புள்ளி நாலு! இன்னொரு பையைப் போட்டேன். அதே நாலு புள்ளி நாலு. கூட மூன்று கிலோ சீனியைச் சேர்த்தேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழைக் கொஞ்சம் தாண்டி நின்றது. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் துரு ஏறி, சுருள் முழுதாக இறங்காமல் பிடித்திருந்தது.

மிஸ்ஸி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்படின்னா இவ்வளவு நாளும்..." என்று பேரேட்டை வாங்கிப் புரட்டினார்.

தராசு தப்பாகக் காட்டினாலும் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது. அதனால் வழி இருந்தது. டானியாவை மறுபடி தொங்கவிட்டு, முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். அவளை இறக்கிவிட்டு, முள் அதே கோட்டுக்கு வரும்வரை அதே துணியில் சாமான்களை அடுக்கினேன். ஐந்து கிலோ அரிசி. இரண்டு கிலோ சீனி. கோட்டுக்கு வரவில்லை. இருநூறு கிராம் நெத்திலிப் பொட்டலம் ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைப் போட்டதும் முள் கோட்டைத் தொட்டது.

நான் கூட்டுவதற்குள் சுற்றி நின்ற தாய்மார்கள் கூட்டிவிட்டார்கள். ஏழு கிலோ எண்ணூறு. பைகளின் எடை முன்னே பின்னே சில கிராம் இருக்கலாம். ஆனால் மூன்று மாதத்தில் குழந்தை ஒரு கிலோ ஏறியிருக்கிறாள்! லீனா அந்தத் துணியிலிருந்த குவியலைத் தொட்டுப் பார்த்து, "காக் (அக்கா), இவ்வளவுமா இவ?" என்றார். பிறகு பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துத் தன் மொழியில் சத்தமாக ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்தது.

மிஸ்ஸி எழுந்து போய் லீனாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க. உங்கள நான் நம்பியிருக்கணும்" என்றார். முப்பத்திரண்டு வருடம் தாதியாக இருந்தவர், அத்தனை பேர் முன்னால். லீனா டானியாவைத் தூக்கி மிஸ்ஸியின் கையில் கொடுத்தார். வாங்கியவர் ஒரு நொடி தடுமாறி, "அம்மாடி, கனம்தான்!" என்று தமிழில் சொல்ல, மொழி புரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள்.

மீதிப் பத்துப் பேரையும் அப்படியே நிறுத்தோம். மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. பதினொன்றில் ஒன்பது பிள்ளைகள் நன்றாக ஏறியிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் ஓர் ஆரவாரம். இரண்டு குழந்தைகளுக்கு நிஜமாகவே ஏறவில்லை. அவர்களையும் தாய்மார்களையும் எங்கள் வண்டியிலேயே குளுவாங் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினோம். இல்லாவிட்டால் அவர்களும் பதினொன்றில் கலந்து போயிருப்பார்கள்.

இப்படி உதவிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அனுமதி உள்ள அமைப்போடு, ஊர்த்தலைவருக்கு முன்கூட்டியே தெரிவித்துப் போங்கள். குழந்தைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காஹாங்குக்கு அப்பால் கைப்பேசி எடுக்காது. மழைக்காலத்தில் ஓடை ஏறினால் திரும்ப முடியாது, மாற்றுத்துணி இருக்கட்டும். மிட்டாய், பிஸ்கட் வேண்டாம். என்ன வேண்டும் என்று மிஸ்ஸி போன்றவர்களிடம் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று வண்டி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். பேர் எழுதப் போனவளுக்கே இவ்வளவு வேலை இருந்தது.

அமைப்பின் கூட்டம் முடிந்துவிட்டது. சத்துணவு தொடர்கிறது. புதுத் தராசும், நான் சோதித்துக் கொடுத்த ஐந்து கிலோ எடைக்கல்லும் கிராமத்திலேயே இருக்கின்றன; பொறுப்பு லீனாவிடம். நேற்று மாலை தொழிற்சாலை கேண்டீனில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸியின் குரல் பதிவு வந்தது. "கௌரி, இன்னிக்கு எடை பாத்துட்டு இப்பதான் காஹாங் வந்தோம். கல்ல மாட்டிப் பாக்காம யாரையும் நிறுக்க விடமாட்டேன்னுட்டாங்க லீனா. டானியா எட்டு புள்ளி ஒண்ணு. அந்த ரெண்டு பிள்ளைங்களும் ஏறிட்டாங்கமா, ரெண்டு பேரும்!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் கத்திவிட்டேன்.